ஏரியில் கல்மழை பெய்த மூன்று தடவை

பகல் மூன்று மணி. கோட்டை மணி அடித்து ஓய்ந்தபோது நான் முதலில் பார்த்தது கொடிமரத்தடியில் துள்ளி விழுந்த ஒரு வெள்ளைக் கல். கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. கையில் எடுத்ததும் விரல் மரத்துப்போனது. அடுத்து பத்து, பிறகு எண்ண முடியவில்லை. செங்கல் முற்றம் கண்ணெதிரே வெளுத்தது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தருக்கு நான் கொடிமரக் காவல். வந்த கப்பல், வீசிய காற்று, நேரம் எல்லாவற்றையும் குறித்து எழுத்தரிடம் கொடுக்க வேண்டும். பார்த்ததை மட்டும் குறி, நினைத்ததைக் குறிக்காதே என்பது அவர் விதி. அன்று ஒரு சிப்பாய் வெறுந்தலையோடு முற்றத்தில் நின்று சிரித்தான். அவன் ஊரில் இது பஞ்சுபோல இறங்கி வாசல் மறைய மாதக்கணக்கில் கிடக்குமாம், அவன் பேச்சை மொழிபெயர்த்த துபாஷி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி இன்னும் இரண்டு பேரோடு காலையிலேயே ஏரிக்குப் போயிருந்தான்.

கோட்டைக்குப்பத்தில் எங்கள் ஆட்களுக்கு அதற்கு முன் இரண்டு கல்மழை நினைவில் உண்டு. முதலாவது, நைனா பிறப்பதற்கு முன்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நடு ஏரியில் ஒதுங்க மரமுமில்லை, கூரையுமில்லை. ஆனால் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். படகைக் கவிழ்த்து அதற்கடியில் தலையைக் கொடுத்து நின்றவர்கள் பிழைத்தார்கள். ஏரிக்குப் போகும் ஆண்கள் அதைப் பழக்கமாக்கிக்கொண்டார்கள். கரையிலிருப்பவர்களிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை எனக்குப் பத்து வயது. கவிழ்ந்த படகைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் ஆள் போய்விட்டதென்று மாரடித்து அழுதார்கள். சாயங்காலம் உடலைத் தேடிப் போனபோது படகுக்கடியில் ஒருவர் படகின் குறுக்குக்கட்டையைக் கட்டிப்பிடித்தபடி விறைத்துச் செத்திருந்தார். அக்குளில் இன்னும் சூடு இருந்ததாம். அதன் பிறகுதான் தட்டும் வழக்கம் வந்தது. கவிழ்ந்த படகைக் கண்டால் உடனே போக வேண்டும். அடிப்பலகையில் ஒரு தட்டு. உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு தட்டாகப் பதில் தர வேண்டும். எத்தனை தலை என்று தெரியாமல் புரட்டினால் விளிம்பு மண்டையில் இறங்கும்.

நான் குப்பத்துக்கு ஓடியபோது அம்மா பூண் போட்ட உலக்கையை வாசலில் எறிந்திருந்தார், மழை நிற்கட்டும் என்று. நிற்கவில்லை. ஏரி உலையில் வைத்ததுபோலக் கொதித்தது. தொலைவில் ஒரு படகு, வயிறு மேலே தெரியக் கிடந்தது.

மழை விடட்டும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கோட்டை நிழலில் நிற்பவனுக்கு இன்னா அவசரம், போய் மணியடி என்று என்னையும் வார்த்தையால் ஒரு குத்துக் குத்தினார். நைனா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கவுந்து கெடக்கறது நல்லதுதான்டா," என்றார் என்னிடம். "காலியா நிமிந்து மெதந்தாதான் பயப்படணும்."

சொல்லும்போதே படகு தள்ளும் கோலை எடுத்துக்கொண்டு எங்கள் படகில் ஏறினார்.

மீன் கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனோம். கூடையின் மேல் விழுந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. நைனா கோல் ஊன்றினார். அது எவ்வளவு நனைந்து வருகிறது என்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் முழங்கால் அளவு. பிறகு இடுப்பு. படகை நெருங்கும்போது மார்புக்கு மேல் வந்தது. காற்று அதை ஆழத்துக்குத் தள்ளியிருந்தது. என் தம்பி மற்ற இருவரையும் விடக் குட்டை.

நாங்கள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டது. நைனா கோலைத் திருப்பிப் பிடித்து அடிப்பலகையில் தட்டினார். நான் காதை வைத்தேன்.

உள்ளே ஒரு தட்டு கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

நைனா மறுபடியும் தட்டினார். மறுபடியும் இரண்டு.

படகில் போனவர்கள் மூன்று பேர்.