முதலில் அவவுக்குக் குடு

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் முதலில் சிரிப்பவன் நான்தான். லண்டன் டூட்டிங்கில் என்னைத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். நான் பயந்து அலறிய ஒரே உருவம் குளியலறைக் கண்ணாடியில் தெரிவதுதான் என்று நானே சொல்லித் திரிந்தவன். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் உதட்டைச் சுழித்தால் கோபிக்க மாட்டேன். உங்கள் இடத்தில் நானும் சுழித்திருப்பேன்.

போன மாரியில் நானும் மனைவியின் தமையன் ஜெயனும் ஸ்கொட்லாந்துக்குப் போனோம். ஜெயனுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறவன், நன்றாக நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். பக்கத்துப் பார்க்கைச் சுற்றி நடந்திருக்கலாம். எனக்குத்தான் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுப் பனிமலையில் நடக்கும் ஆசை வந்தது. சப்பாத்துக்கு அடியில் அகலமான தட்டு ஒன்றைக் கட்டிவிடுவார்கள், கால் புதையாது. வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரி என் வயிற்றை ஒருதரம் பார்த்துவிட்டு, உள்ளே போய் இருந்ததிலேயே பெரிய சோடியை எடுத்து வந்தாள். அதைக் கட்டிக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்து ஜெயன் சொன்னான், “மச்சான், முட்டையிடப் போற வாத்து மாதிரிப் போறாய்.”

ஜெயனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்க, அவருக்குக் கொடுக்காமல் ஒரு வாய் வைக்க மாட்டான். அவர்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. நொதர்ன் லைன் ரயிலில் எதிரே இருந்த வெள்ளைக்காரருக்கு மட்டன் ரோல்ஸை நீட்டி, அந்த மனிதர் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி ஓடியதை நான் கண்ணால் கண்டேன்.

மத்தியானம் வரை நல்ல வெயில். திரும்பும்போதுதான் மூடுபனி இறங்கியது. இறங்கியது என்று சொல்வதுகூடச் சரியில்லை, யாரோ வெள்ளைத் துணியால் எங்களைப் போர்த்தியது போல இருந்தது. வழிக்கு நட்டிருந்த கம்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி நடந்தோம். கொஞ்ச நேரத்தில் ஜெயனின் கதை குழறத் தொடங்கியது. அந்தக் குளிரில் அவன் நெற்றி வியர்த்திருந்தது. எனக்கு விளங்கிவிட்டது, சீனி இறங்குகிறது. குளுக்கோஸ் குளிசை காரில் கிடந்தது. நல்லகாலம், அவனுக்குத் தெரியாமல் நான் தின்பதற்காக ஒளித்து வைத்த தொதல் பையில் இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, குளிரில் இறுகிப்போன அந்த இனிப்பை இரண்டாக உடைத்து ஒன்றை அவன் வாயருகே கொண்டுபோனேன்.

அவன் முகத்தைத் திருப்பினான்.

“முதல்ல அவவுக்குக் குடு.”

“ஆருக்கடா?”

“உனக்குப் பின்னாலை நிக்கிறா. மேலையிருந்து எங்களோடைதான் வாறா. பாவம், கையிலை கிளவுஸ்கூட இல்லை.”

திரும்பிப் பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

“ஒருத்தருமில்லை மச்சான். வாயைத் திற.”

“பாத்துக்கொண்டு நிக்கிறா, எனக்குச் சாப்பிட ஏலாது.” பல்லை இறுக்கிக்கொண்டான். நான் கெஞ்சினேன், ஏசினேன், உன் தங்கச்சி என்னைக் கொன்றுபோடுவாள் என்றேன். கண்கள் செருகத் தொடங்கின, ஆள் என் மேல் சாய்ந்துவிட்டான். மயங்கினால் இந்த உடம்பை என்னால் தூக்க முடியாது, என் உடம்பையே நான் தூக்கிக்கொண்டு நடப்பது பெரும்பாடு. இடது கையால் அவனைத் தாங்கிப் பிடித்தேன். வலது கையில் இருந்த துண்டைப் பின்பக்கமாக நீட்டி, “இந்தாங்கோ அக்கா, எடுங்கோ,” என்றேன். அவனை ஏய்க்கத்தான்.

நம்பினால் நம்புங்கள், எடுத்தார்கள்.

பறிக்கவில்லை, காற்று தட்டிவிடவும் இல்லை. பந்தியில் பலகாரம் எடுப்பது போல மெதுவாக எடுத்தார்கள். என் வெறும் உள்ளங்கையில் விரல்கள் பட்டன.

“இப்ப சரி,” என்று ஜெயன் வாயைத் திறந்தான்.

மற்றத் துண்டை ஊட்டினேன். சத்தியமாக, நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மெல்ல மெல்லத் தெளிந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். வாத்து நடையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் ஜெயன் கேட்டான், “அவ இறங்கிட்டாவோ?”

“ஓம்,” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அப்படியே காரை எடுத்துக்கொண்டு போக மனம் வரவில்லை. கடைக்காரியிடம் போய், மேலே ஒரு பெண் இருக்கக்கூடும் என்று சொன்னேன். மீட்புக்காரர்கள் உடனே ஏறினார்கள். எங்கள் இருவரின் தடங்கள் மட்டும்தான் இருந்தனவாம். யாரையும் காணவில்லை என்று ஒரு முறைப்பாடும் இல்லை, காத்துக் கிடக்கும் காரும் இல்லை. சீனி இறங்கினால் இப்படியெல்லாம் தோன்றும் என்று அன்பாகச் சொன்னார்கள். ஜெயனுக்குச் சரி. எனக்குச் சீனி இறங்கவில்லையே, காலையிலிருந்து அந்தத் தொதலைத் தின்றுகொண்டு வந்தவன் நான்.

இன்றைக்கும் செய்தியில் மலைப் பக்கம் பனி என்று சொன்னால் ஜெயன் போன் எடுப்பான். “மச்சான், அவ இறங்கினதை நீ கண்டனிதானே?” கண்டேன் என்பேன். அது பேய்தான் என்று யாராவது எனக்கு அடித்துச் சொன்னால் நான் நிம்மதியாகப் படுப்பேன். ஏனென்றால் என் கையில் பட்ட விரல்கள் சூடாக இருந்தன.