மணிக்கு ஒரு வீட்டு நாய்

வேலம்மாளின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு பிடி சதை இல்லை. கேட்பவர்களிடம் நாய் கடித்தது என்பாள். பொய் இல்லை. ஆனால் அந்த நாயை அவள் மேல் அப்படியே விட்டு வைத்தது யார் என்று அவள் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் பாவம் அவளுக்குத்தான் என்பதால் இங்கே சொல்லிவிடலாம்.

மண்ணச்சநல்லூர் போகும் வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு துண்டு நிலம், அவள் கணவன் ராசப்பன் பங்குக்கு வந்தது. அவன் ரைஸ் மில் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். நிலத்தைச் சுற்றிக் கல் ஊன்றி, ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வலை அடித்து, நாயை ஓடவிட மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டாள் வேலம்மாள். ஊரே சிரித்தது. ஸ்ரீரங்கத்து அடுக்குமாடியில் கன்றுக்குட்டி அளவு நாயை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஓட இடமில்லாமல் சோபாவைத் தின்னும்போது முழிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று சிரித்தவர்களுக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் நேரம் கேட்பார்கள். இவள் சரி என்று தட்டிவிடுவாள். புக்கிங் அவ்வளவுதான்.

அந்த இடத்துச் சட்டங்கள் எல்லாம் ரத்தத்தில் பிறந்தவை. ஆரம்பித்த புதிதில் இரண்டு குடும்பங்களை ஒரே நேரத்தில் உள்ளே விட்டாள். பழகிக்கொள்ளும் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அல்சேஷன் பொமரேனியனைக் கவ்வி ஒரே உதறாக உதறியது. கழுத்து முறிந்த சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. பொமரேனியன்காரர் இரும்புச் சங்கிலியைச் சுழற்றி மற்றவரின் மண்டையைப் பிளந்தார். படித்த மனுஷர்கள், கார் வைத்திருப்பவர்கள், அந்தப் புல்லில் கட்டிப் புரண்டார்கள். அன்றிலிருந்து மணிக்கு ஒரு வீட்டு நாய்தான். பிறகு ஒரு லேப்ரடார் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்ட, தெருநாய் அதன் உதட்டைக் கிழித்துக்கொண்டு போனது. அதனால் வேலி முழுக்கப் பச்சை வலை கட்டி மறைத்தாள்.

மூன்றாவது சட்டம்தான் வினையானது. ஸ்ரீரங்கத்து டீச்சர் ஒருத்தி நைட்டியோடு தன் நாயுடன் ஓடுகிறவள். யாரோ வலையை விலக்கி எட்டிப் பார்த்ததாக அழுதாள். வேலம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. அதன் பிறகு, வந்தவர்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு, அவர்கள் போன் அடிக்கும் வரை வேப்ப மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்பது அவள் நியாயம். அந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் அவள் கையைத் தின்றது.

அவள் வையம்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது தம்பி வீரமலை ஒருவன்தான். மகள் பானுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துப் பெண்ணை மேடைக்குக் கூட்டி வர வேண்டும். அதற்கு இவனை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஆகவே அவன் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனக்கு வேண்டும் என்று அவன் கேட்டபோது, வழக்கமாக வருகிறவர்களைக்கூட வேறு நேரத்துக்குத் தள்ளினாள்.

அவன் கொண்டு வந்தவை இரண்டு பெரிய மண்டை நாய்கள். தோட்டக் காவலுக்கு வளர்ப்பதாகச் சொன்னான். கூடவே பாலு என்று ஒரு கூட்டாளி, தோளில் ஒரு சாக்கு. சாக்கில் தீனி என்றார்கள். அவர்கள் போன பிறகு புல்லில் ரத்தம் கிடந்தது. நாய்க்கு நகம் பெயர்ந்துவிட்டது என்றான் தம்பி. அடுத்த முறை ரோமம் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. முயல் ஒன்று தானாக வந்து மாட்டியது என்றான். வேலம்மாள் நம்பினாள். வேறு எவனாவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கேட் பக்கம் எப்போதும் படுத்திருக்கும் வெள்ளைப் பெட்டை நாயைக் காலையிலிருந்து காணோம். மத்தியானம் தம்பி வந்தான், சாக்கு வந்தது, இவள் பூட்டிவிட்டு மரத்தடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே உறுமலும் தம்பியின் சிரிப்பும் கேட்டன. "பிடி, பிடி, விடாத" என்று பாலு கத்தினான். இடையில் மெல்லிசாக ஒரு அழுகை. வாயைக் கட்டிப்போட்ட பிராணி மூக்கால் அழுகிற அழுகை. வேலம்மாள் எழுந்தாள். முதல் முறையாகத் தன் சட்டத்தைத் தானே மீறினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பூட்டைத் திறந்தாள்.

வெள்ளை நாயின் நான்கு கால்களையும் கம்பியால் கட்டியிருந்தார்கள். வாயைச் சுற்றி பிளாஸ்டிக் டேப். தங்கள் நாய்களுக்குக் காயம் பட்டுவிடக் கூடாதாம், அவ்வளவு அக்கறை. ஒன்று தொடையை இழுத்தது, ஒன்று வயிற்றை. குடல் வெளியே வந்து புல்லில் கிடந்தது, உயிர் இன்னும் இருந்தது. நாய்ச் சண்டைக்குப் பழக்குகிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நான்கு பக்கமும் மறைத்து, ஓட வழியில்லாமல், யாரும் பார்க்காமல் கொல்வதற்குத் தோதாக இந்த இடத்தைச் செய்து கொடுத்தது தான்தான் என்பதும் புரிந்தது.

மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒன்றின் மண்டையில் ஓங்கி அடித்தாள். அது முன்னங்கால் மடங்கி விழுந்தது. மற்றது திரும்பி அவள் முழங்கையைக் கவ்வியது. பாலு கம்பி வலையில் ஏறிக் குதித்து ஓடினான். வேலம்மாள் கீழே விழுந்தாள். நாய் அவளை உதறியது. எலும்பில் பல் உரசுவது அவளுக்கே கேட்டது.

வீரமலை அப்போது அக்காவிடம் வரவில்லை. விழுந்த நாயின் பக்கத்தில் மண்டியிட்டு அதன் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். 'விடு' என்று அவன் ஒரு சொல் சொன்னால் அவளைக் கவ்விய நாய் விட்டுவிடும். அப்படித்தான் பழக்கியிருந்தான். ஆனால் அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான், கையைப் பார்த்தான், அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "என் நாயை அடிச்சிட்டல்ல. இப்ப தெரியுதா?" என்றான்.

நாயைப் பிரிக்கத் தொழிலில் கற்றிருந்தாள். கழுத்துப் பட்டைக்குள் வலது கையை விட்டு, மூச்சு அடைக்கும் வரை முறுக்கினாள். வாய் திறந்தது. சதை அதன் வாயிலேயே போனது. எழுந்து, மண்வெட்டியை வீசித் தம்பியின் தாடையில் ஒரு அடி அடித்தாள். பல் தெறித்தது. அவன் தடுமாறி எழுவதற்குள், மூச்சுத் திணறிய நாய் நிமிர்வதற்குள், வெளியே வந்து கேட்டைப் பூட்டினாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தாள்.

உள்ளே நாய்க்கு வெறி அடங்கவில்லை. எஜமானின் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தை மோப்பம் பிடித்து அவன் பக்கமே திரும்பியது. உடைந்த தாடையால் அவன் சொன்ன 'விடு' அதற்குப் புரியவில்லை. மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றுகொண்டு, தொடை கிழிந்து, குழந்தை மாதிரி அழுதான். கேட்டைத் திறக்கச் சொன்னான். பானுப்ரியாவுக்கு மாலை போட நான்தானே அக்கா வரணும் என்று கெஞ்சினான். வேலம்மாளின் கை பூட்டு வரை போனது. சாவியும் அந்தக் கையில்தான் இருந்தது. கண்ணீர் கொட்டியது. ஆனால் திறக்கவில்லை.

போலீஸ் வந்து கயிற்றுச் சுருக்குப் போட்டு நாயைப் பிடித்து, அவனை இறக்கியது. வெள்ளை நாய் அதற்கு முன்பே செத்திருந்தது. கூடப் பிறந்தவன் என்று தெரிந்ததும் எஸ்.ஐ. குரலைத் தாழ்த்தினார். வீட்டில் விசேஷம் வருகிறதே, நாய் கடித்ததற்கு எதற்கு கேஸ், பேசி முடித்துக்கொள்ளலாமே என்றார். அவர் கெட்டவர் இல்லை, ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"நாய் கடிச்சதுக்கு நான் கேஸ் குடுக்கலைங்க" என்றாள் வேலம்மாள். "விடுன்னு ஒரு வார்த்தை. அது அவன் வாயில வரலைங்க. அதுக்குத்தான். எழுதிக்குங்க."

ஜாமீனில் வந்த பிறகு வீரமலை ஆள் அனுப்பினான். கேசை வாபஸ் வாங்கினால் கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்னான். வந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள், கேசை வாபஸ் வாங்கவில்லை.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணுக்குத் தாய்மாமன் யார், வரச் சொல்லுங்கள் என்றார் ஐயர். கூட்டம் வேலம்மாளைப் பார்த்தது. ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லைங்க" என்றாள்.

எப்போது தவறினார் என்று ஐயர் வருத்தமாக விசாரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த மாலையை வாங்கி மகள் கழுத்தில் அவளே போட்டாள்.