ஊரைக் கேட்டுக் கட்டிய அணுமின் நிலையம்

அறுபதுகளில் ஒருநாள், தபால் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்றே முதலில் நினைத்தேன். இங்கிலாந்தின் அந்தக் கடலோரச் சிற்றூரில் அணுமின் நிலையம் கட்ட உத்தேசம். ஆட்சேபம் உள்ள எவரும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து விசாரணை அதிகாரி முன்னால் பேசலாம் என்றிருந்தது. கட்டப்போகும் தரப்பு இன்ஜினியர்களில் நானும் ஒருவன். ஆனாலும் உத்திரமேரூர்ப் பக்கம் மானாம்பதியில் வளர்ந்தவனுக்கு, சர்க்கார் ஊரைக் கேட்கும் என்பது புதுச் செய்தி. எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தபோது கம்பிக் கோபுரம் எங்கள் நிலத்தின் நடுவில்தான் இறங்கியது. கல் நட வந்தவர்களிடம், தோளில் துண்டோடு நின்ற என் நைனா, அதாவது அப்பா, "இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். "சர்க்கார் வேலை, தள்ளு" என்றார்கள். விசாரணை அத்தோடு முடிந்தது.

நான் குடியிருந்தது மிஸஸ் ஹாரிஸ் வீட்டு மாடியில். கணவரை இழந்தவர், மாடு வைத்துப் பால் விற்பவர். விசாரணைக்கு முந்தின மாலை எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, "நாளைக்கு உங்களுக்கு எதிராகப் பேசப்போகிறேன்" என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு பெட்டியைக் கட்டினேன். காலையில் மாடிப்படியில் பெட்டியைப் பார்த்தவர் பதறிப்போய், அறையில் ஈரம் அடிக்கிறதா என்று விசாரித்தார். காரணத்தைச் சொன்னேன். பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "எதிர்ப்பது மின்நிலையத்தை, உங்களை அல்ல. முட்டை ஆறுகிறது" என்றார்.

மண்டபத்தில் அவர் கேட்டது ஒன்றுதான். அங்கே கோளாறு நடந்து, கதிர்வீச்சில் என் மாட்டுப்பால் கெட்டால், அதை எனக்கு யார் சொல்வார்கள்? நாங்களே சொல்வோம் என்றார் எங்கள் தலைமை இன்ஜினியர். விற்பவனே சரக்கு கெட்டது என்பானா என்று மிஸஸ் ஹாரிஸ் திருப்பிக் கேட்டார். விசாரணை அதிகாரி, சரியான பதில் வேண்டும் என்று காத்திருந்தார். எங்களைச் சேராத அரசாங்க இன்ஸ்பெக்டர் உண்டு, அவர் லைசென்ஸ் இல்லாமல் அணு உலை ஓடாது, ஓடும் உலையையும் அவர் நிறுத்தலாம் என்று விளக்க வேண்டிவந்தது. மிஸஸ் ஹாரிஸ் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்சேபத்தை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. சில மாதங்களில் அனுமதி வந்தது. தோற்றவர் அன்றும் எனக்கு முட்டை அவித்தார்.

அமெரிக்காவில் கட்ட ஓர் அனுமதி, ஓட்ட இன்னோர் அனுமதி என்று அங்கிருந்து வந்த சகா சொன்னார். அணுசக்தியை வளர்க்கும் வாரியமே லைசென்ஸும் தருகிறது என்று அவருக்குக் குறை. நம் நாட்டில் கட்டுவதும் சர்க்கார், சோதிப்பதும் சர்க்கார். நம் விஞ்ஞானிகள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. எழுந்து நின்று கேட்க ஒரு மண்டபம்தான் இல்லை.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதையெல்லாம் நைனாவிடம் சொன்னேன். மோட்டார் கொட்டகையருகே நின்றுகொண்டிருந்தோம்.

"எதுத்துப் பேசனவ உனக்குச் சோறு போட்டாளா?"

போட்டார் என்றேன். வாய்க்காலில் ஓடிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னயும் கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். கரண்டுலதான மோட்டார் ஓடுது, எனக்கு வாணாமா? ஒருத்தனும் கேக்கல."

இப்போது வேறொரு கடலோர ஊரில் விசாரணை நடக்கிறது. கட்டுபவர்கள் வரிசையில் பதில்களோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து கேட்கிறார்கள். குறிப்பெடுக்க வேண்டிய என் கண், தோளில் துண்டோடு யாராவது எழுந்து நிற்கிறார்களா என்று அந்தப் பக்கத்தையே தேடுகிறது.