மற்றப் பக்கத்து றாக்

உடுவிலிலிருந்து சுன்னாகச் சந்திக்குப் போய்ச் சேருவதற்குள் அக்காவின் காரில் நான் ஐந்தாறு தடவை வைப்பர் போட்டுவிட்டேன். மழை கிடையாது. தார் உருகுகிற உச்சி வெயில். நான் போட நினைத்தது சிக்னல். கனடாக் காரில் சிக்னல் தடி இடது கைப் பக்கம் இருக்கும். இங்கே அந்த இடத்தில் இருப்பது வைப்பர் தடி. மூளை யாழ்ப்பாணத்தில் இறங்கி நாலு நாளாகிவிட்டது, இடது கை மட்டும் இன்னும் ரொறன்ரோவை விட்டு வரமாட்டேன் என்கிறது. காய்ந்த கண்ணாடியில் றப்பர் கிறீச்சிட்ட சத்தத்துக்குச் சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத மனிதர். "அண்ணை, எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெயிலில் வைப்பர் போடுகிறவன் வெளிநாட்டுக்காரன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த அக்கா, "மானத்தை வாங்காமல் கையைக் காட்டித் திருப்படா" என்றார். கையைக் காட்ட எங்கே முடியும்? பவர் ஸ்ரியறிங் செத்துப்போன கார் அது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருப்பினால்தான் சந்தியில் வளையும்.

அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கல்யாணம் கட்டவில்லை. கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற காசில் வாங்கிய இந்த யப்பான் கார் அப்போதே பழசு. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போகும்போது பின்சீற்றில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். "கிழவியளை ஏத்தவேணும், நேரமாச்சு" என்று அக்கா பறப்பார். அந்தக் கிழவிகளில் இரண்டு பேர் அக்காவை விட வயது குறைந்தவர்கள். ஒருவருக்குக் கண் கிளினிக், இன்னொருவருக்குச் சந்தையில் வெங்காயம், எல்லாவற்றுக்கும் அக்காதான் சாரதி. போன மாரியோடு ஸ்ரியறிங் ஒயில் ஒழுகத் தொடங்கி, பிறகு கல்லாக இறுகி, அக்காவின் தோள்மூட்டைப் பதம் பார்த்துவிட்டது. லண்டனில் இருக்கிற பெரியண்ணை குடும்ப வாட்சப்பில் தீர்ப்பு எழுதினார்: காரை விற்றுவிட்டு ஓட்டோவில் போ, இந்த வயதில் கார் என்னத்துக்கு. வாங்குவதற்கு ஒரு ஆளையும் அவரே லண்டனில் இருந்துகொண்டு பிடித்துவிட்டார். அதில் அவர் கெட்டிக்காரர்.

அக்கா குடும்ப வாட்சப்பில் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தனியே போனில் கோல் எடுத்தார். "நீ வாற நேரம் உதைச் செய்து தந்தால் நான் ஓடுவன். நீ திரும்பிப் போகேக்கையும் சரிவராட்டில் பெரியவன் சொன்னமாதிரி வித்துப்போடுறன், சத்தியமாய். ஆனால் பிறகு நான் சேர்ச்சுக்குப் போறேல்லை எண்டு ஒருத்தரும் கதைக்கக்கூடாது. ஆரின்ரை காரிலையும் பின்சீற்றிலை மூட்டை மாதிரி இருந்து போகமாட்டன்." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அக்கா என்னிடம் ஒன்றைக் கேட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

இனிக் கதையின் கனடாப் பக்கம். சுன்னாகத்தில் கராஜ் வைத்திருக்கும் ஜெயம் அக்காவின் காரை ஏற்றிப் பார்த்துவிட்டு எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது முன் சில்லுகளைத் தள்ளித் திருப்புகிற நீட்டு இரும்புச் சாமானுக்கு றாக் என்று பெயர், அது முடிந்துவிட்டது. "அண்ணை, இஞ்சை கிடைக்கிறதெல்லாம் ஆரோ பாவிச்சுக் கழிச்ச சாமான். உங்கடை கனடாவிலையும் இதே கார் ஓடுதுதானே? ஒண்டைப் புதுசாய்த் தூக்கிக்கொண்டு வாங்கோ. கனடாச் சாமான் எண்டால் கதையே வேறை." ஜெயத்துக்கு வேலை தெரியும். ஆனால் கையை விட வாய் எப்போதும் ஒரு முழம் முன்னே போகும்.

நான் ஸ்காபரோவில் ஒரு உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர், கையில் வாளி மாதிரி ஒரு கோப்பி. கார் எங்கே நிற்கிறது என்று கேட்டார். வீட்டில் என்றேன். கொண்டுவா, பார்த்துச் சரியானதைத் தருகிறேன் என்றார். கொண்டுவர முடியாது, வீடு தூரம் என்றேன். எவ்வளவு தூரமென்றாலும் பரவாயில்லை, கட்டியிழுக்கிற வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஒருவர் சிரித்தது மற்றவருக்கு விளங்கவில்லை. பெட்டியில் போட்டுத் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி, "சனம் சொக்லேற் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கும், நீங்கள் இரும்பு கொண்டுபோறியள்" என்று பொரிந்து தள்ளினாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்தப் பெட்டியைத் துவக்குப் பெட்டி மாதிரிப் பார்த்தார். திறந்து காட்டினேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்.

அந்தப் பெட்டியைத்தான் அன்றைக்குச் சுன்னாகத்தில் ஜெயத்தின் கராஜில் இறக்கினோம். ஜெயம் பெட்டியைத் திறந்ததும் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். றோட்டால் வெங்காய மூட்டையோடு போன ஒருவரையும் மறித்துக் காட்டினார். "பாருங்கோ, மினுங்குது!" பிறகு காருக்கு அடியில் புகுந்து, பழைய றாக்கைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு, புதியதை உள்ளே இழுத்தார். அடியில் இருந்து இரும்பு இடிபடும் சத்தம் வந்தது. இடையிடையே ஜெயத்தின் தூஷணமும் வந்தது, ரீச்சர் நிற்கிறார் என்று அரைவாசியில் விழுங்கி விழுங்கி. பிறகு சத்தமே இல்லை. கடைசியில் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணை, உது பிழையாய்க் கிடக்கு."

"என்ன பிழை?"

"கழுத்து மற்றப் பக்கத்திலை நிக்குது."

றாக்கின் ஒரு அந்தத்தில் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற துண்டைத்தான் அவர் கழுத்து என்றார். ஸ்ரியறிங்கில் இருந்து வருகிற தண்டு அதில்தான் பொருந்தவேண்டும். இங்கே காருக்கு ஸ்ரியறிங் வலப்பக்கம். கனடாவில் இடப்பக்கம். நான் தூக்கிக்கொண்டு வந்த றாக்கின் கழுத்து, அக்காவின் காரில் ஓட்டுகிற ஆள் இருக்காத பக்கம் பார்த்து நின்றது. வரும் வழியெல்லாம் வைப்பர் ஆடி ஆடிச் சொல்லியும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. "நீர்தானே கனடாவிலையிருந்து கொண்டுவரச் சொன்னனீர்!" என்று ஜெயத்தின் மேல் பாய்ந்தேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "நான் கனடா எண்டு சொன்னது உண்மை. மற்றப் பக்கம் எண்டு சொன்னனானோ?"

சரி, இனி என்ன செய்வது? ஜெயம் கொஞ்சம் யோசித்துவிட்டு, றாக்கை அந்தம் மாற்றித் திருப்பிப் போட்டால் கழுத்து எங்கள் பக்கம் வந்துவிடும் என்றார். எனக்கு உயிர் வந்தது. அக்கா இரண்டு கையையும் முன்னே நீட்டி, ஒன்றைப் பல்லுச் சில்லாகவும் மற்றதைத் தண்டாகவும் வைத்துச் சுற்றிப் பார்த்தார். "அப்பிடிப் போட்டால் நான் இடப்பக்கம் வெட்ட, கார் சோத்துக்கைப் பக்கம் போகும். ஜெயம், உமக்குக் கணக்குப் படிப்பிச்சது ஆர்?" ஜெயம் விடவில்லை. "அண்ணைக்குப் பரவாயில்லை ரீச்சர். அவர் எப்பவும் மாறித்தானே ஓடுறவர்." எனக்குக் கோபத்தில் காது சுட்டது. அக்கா சிரித்தார். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, றாக் கழற்றிய காரின் கதவைத் தடவிக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் போன் கிணுகிணுத்தது. பெரியண்ணை: வாங்குகிற ஆள் சனிக்கிழமை காரைப் பார்க்க வருவார்.

திரும்பி ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது எனக்குள் குமைந்தேன். கடைக்காரர் மேல் பிழை இல்லை. கார் எங்கே என்று ஒழுங்காகத்தான் கேட்டார். இலங்கையில் என்று சொல்லியிருந்தால், அங்கே எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். நான் வீட்டில் என்றேன். அவருக்கு வீடென்றால் ஸ்காபரோவில் நான் மோர்ட்கேஜ் கட்டி முடித்த வீடு. என் வாயில் வந்த வீடு உடுவில். முப்பது வருஷம் வரி கட்டி, பனி தள்ளி, அந்த நாட்டுப் பாஸ்போட்டில் பறந்துகொண்டும் வாய் அப்படித்தான் சொல்கிறது. புலம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் ஊரை நினைத்து உருகுவார்கள். நான் உருகியதில் ஒரு நல்ல றாக் வீணாய்ப் போனது.

மறுநாள் காலை ஜெயம் தன் வான் வண்டியோடு வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடித்தார். கீரிமலைக்கு அங்காலே கடற்கரையில் இதே மாதிரிக் கார் ஒன்று நிற்கிறதாம். சிவராசா என்கிற படகுக்காரருடையது. அக்காவையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் ரயர் நாலும் மண்ணுக்குள், உப்புக்காற்றில் உடம்பு முழுக்கக் கறள், ஜன்னல் வரைக்கும் வலை அடைந்து கிடந்தது. ஜெயம் மண்ணைத் தோண்டிவிட்டு அடியில் புகுந்து, கிறீஸ் மொத்தமாய்ப் பிடித்திருந்ததால் றாக் நல்லாய் இருக்கிறது என்றார். சிவராசா தரமாட்டேன் என்றார். "உதிலைதான் நான் மனுசியைத் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தனான். கழட்ட விடமாட்டன்." அக்கா வாயைத் திறப்பதற்குள் குசினிக்குள் இருந்து அந்த மனுசியின் குரல் வந்தது: "முழுக் காரையும் கொண்டு போங்கோ ரீச்சர்! முற்றம் கூட்டேலாமல் கிடக்கு!"

மனிதர் அடங்கிப்போனார். ஆனால் சும்மா கொடுத்ததாய் இருக்கக்கூடாது என்று எங்கள் வானுக்குள் எட்டிப் பார்த்தார். அளவு பார்க்கவென்று ஜெயம் ஏற்றி வந்த கனடாச் சாமான் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்து நீளம் பார்த்தார், பாரம் பார்த்தார். இரண்டு பூவரசுக்கு நடுவில் குறுக்கே கட்டினால் வலை காயப்போட நல்லாயிருக்கும் என்றார். மாற்றிக்கொண்டோம். அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "அங்கை எல்லாம் மற்றப் பக்கமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப இஞ்சை வந்தால் தலை சுத்தாதோ?"

"சுத்தும்."

"எப்ப நிக்கும்?"

"திரும்பிப் போற நாள் வரேக்கை" என்றேன். அவர் பகிடி என்று நினைத்துப் பெரிதாய்ச் சிரித்தார்.

ஜெயம் அந்த றாக்குக்குச் சீல் எல்லாம் புதிதாய்ப் போட்டு, ஒயில் குழாய்களைப் பூட்டி, சனிக்கிழமைக்கு முதல் நாள் பின்னேரம் காரை இறக்கினார். அக்கா ஏறி இருந்தார். எஞ்சினைப் போட்டு, ஒரு விரலை ஸ்ரியறிங்கில் வைத்துச் சுற்றினார். முன் சில்லு இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பின. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். அக்காவின் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். ஜெயம் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார். வாங்க வந்த ஆளுக்கு அடுத்த நாள் அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி, சந்திவரை அதே காரில் கொண்டுபோயும் விட்டார். பெரியண்ணைக்கு வீடியோ அனுப்பினேன். "றோட்டிலை போற சனம் கவனம்" என்று மட்டும் பதில் வந்தது.

நான் வெளிக்கிடுகிற நாள் அக்காதான் என்னைச் சுன்னாகம் ஸ்ரேசனுக்குக் கொண்டுவந்து இறக்கினார். எங்களில் பயணம் போகிறவன் 'போறன்' என்று சொல்வதில்லை. 'போட்டு வாறன்' என்பான், போய்விட்டு வருகிறேன் என்று. நிற்கிறவர் 'ஓம், கவனமாய்ப் போட்டு வா' என்று விடைகொடுப்பார். சூட்கேசை இறக்கி வைத்துவிட்டு, அதைச் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு கார் ஜன்னலடிக்கு வந்தேன். கொழும்பு ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம் நிற்பார், கண்ணைத் துடைப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். "ஐயோ, புனிதத்துக்குக் கண் கிளினிக். கிழவி வாசலிலை வந்து நிண்டு கத்தப்போறாள். சரி தம்பி, நான் போட்டு வாறன்."

"ஓம் அக்கா, கவனமாய்ப் போட்டு வாங்கோ" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா ஒரு கையால் காரை வெட்டித் திருப்பி, மற்றக் கையைக் காட்டிக்கொண்டு போனார். கார் மறையும் வரைக்கும் நின்று பார்த்தேன். பிறகு ரயில் வந்தது. ஊரில் இருந்துகொண்டு தமக்கையை வழியனுப்பிவிட்டு நின்ற மனிதனை, சூட்கேசோடு ஏற்றிக்கொண்டு போனது.