கோமாளி மீனுக்கு ஷிப்டு

அந்தமானில் கடலுக்குள் முகத்தை வைத்துப் பார்த்தபோதுதான் முதன்முதலாகக் கோமாளி மீனைச் சந்தித்தேன். விரல் நீளம்கூட இல்லை. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. அது குடியிருந்த, பூப்போல் விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரினத்தை நான் நெருங்கியதும், நேராக என் முகக் கண்ணாடியை முட்ட வந்தது. அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்னுடையதும் அதே ரகம்தான்.

அந்த ஆசையில், நான் தினமும் வேலைக்குப் போய்வரும் பெங்களூரில், பண்ணையில் பிறந்த ஒரு ஜோடியை வாங்கினேன். மாரிகுப்பம் ரயிலில் மடியிலேயே வைத்துச் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொட்டியில் உப்புத் தண்ணீர். கடல் சாமந்திக்குப் பதில் ஒரு குட்டி மண்சட்டி. இரண்டும் அதற்குள் குடியேறிவிட்டன. தங்கச் சுரங்கத்தில் நிலத்துக்கடியில் இறங்கி வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"கொழம்புக்கும் ஆவாது. இன்னாத்துக்கும்மா இது?"

அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் போனது. சாயந்திரம்தான் வருமாம். காற்று மோட்டார் நின்று கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். தோள் விட்டுப்போய் அழுதேவிட்டேன்.

அப்பா வந்தார். "காத்து இல்லியா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நிமிடம் வாசலில் நின்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஒரு ஆளு செய்ற வேலையா இது? வாங்க, ஷிப்டு போடலாம்!"

முதல் ஷிப்டு அவரே. அடுத்து பக்கத்து வீட்டு அக்கா, அப்புறம் அவர் வீட்டுக்காரர், பிறகு அம்மா. ஆளுக்கு அரை மணி நேரம் என்று சுவரில் சாக்பீஸால் எழுதினார் அப்பா. சொம்பு கைமாறும்போது ஒரு நொடி பிந்தினாலும் திட்டு விழுந்தது. நடுவில் டீயும் மசால்வடையும். நான் தொட்டியை விட்டு நகரவில்லை, லைனுக்கோ திருவிழா.

சாயந்திரம் கரண்ட் வந்தது. குமிழிகள் கிளம்பின. எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். முதலில் பெரியது, பின்னாலேயே சின்னது, மெல்லக் கீழே இறங்கி மண்சட்டிக்குள் நுழைந்தன. வீடே கைதட்டியது. சந்தோஷத்தில் எனக்கு மறுபடி அழுகை. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது அம்மாதான்.

அப்பா அவரைச் சீண்டினார். "நான் கீழ எறங்கறப்பல்லாம் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருப்ப. இதுங்க எறங்குனா கைதட்டுறியா?"

"நீங்க மேல வந்த ஒவ்வொரு நாளும் தட்டுனேன்," என்றார் அம்மா. "அடுப்பாண்ட நின்னுகினு. உங்களுக்குத்தான் கேக்கல."