திண்டிவனம் கல்லறையில் ஒரு தவறான முக்கோணம்

போன சனிக்கிழமை திண்டிவனம் போனேன், சுற்றிப்பார்க்க அல்ல. என்னோடு சேர்ந்து வடிவியல் ஆய்வு செய்துவந்த பேராசிரியர் ஆரோக்கிய செல்விக்கு முப்பதாம் நாள் பூசை. நான் திருச்சி, அவர் திண்டிவனத்தில் ஒரு கல்லூரி. பாதிக் கட்டுரையைப் போனில் பேசிப் பேசியே எழுதியிருந்தோம். மீதியை இனி யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை.

விழுப்புரம் வரை ரயில். அங்கிருந்து காலை ஏழே காலுக்குப் பஸ். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய். கூட்டேரிப்பட்டில் ஜன்னலோரம் வேகவைத்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, விற்றார்கள். வாங்கினேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

பூசை முடிந்ததும் செல்வியின் கணவர் அந்தோணிசாமி என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆட்டோவில் ஏறும்போதே, "அடுத்த மாசம் தம்பி வீட்டோட பெங்களூரு போறேங்க. நான் பூட்டா இங்க யாரு வந்து பாப்பாங்க, அதான் பேஜாரா கீது" என்றார்.

புதிய கருங்கல்லில் பெயருக்குக் கீழே ஒரு முக்கோணம் செதுக்கியிருந்தது.

"செல்வி கிளாஸ் எடுத்துக்கினு இருக்கிற போட்டோ ஒண்ணு இருந்திச்சி மேடம். போர்டுல இருந்த படத்த அப்படியே போடச் சொன்னேன். சரியா கீதுங்களா?"

அது தவறான படம். முதலாமாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பில் செல்வி வேண்டுமென்றே வரைவது. பக்கங்கள் சமமில்லாத முக்கோணத்தில், உச்சிக் கோணத்தைச் சரிபாதியாக்கும் கோண இருசமவெட்டியும் அடிப்பக்கத்தின் நடுவில் செங்குத்தாக எழும் மையக்குத்துக்கோடும் உள்ளே சந்திப்பதாகப் போடுவார். உண்மையில் அவை வெளியேதான் சந்திக்கும். படத்தை நம்பினால் எந்த முக்கோணத்துக்கும் இரண்டு பக்கம் சமம் என்று நிரூபித்துவிடலாம். பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். யாராவது பிழையைப் பிடிக்கும் வரை, மணி அடித்தாலும் நகரமாட்டார். கண்ணால் காண்பதும் பொய் என்பார்களே, ஆய்விலும் அவர் அப்படித்தான். படம் அழகாக வந்தால் உடனே சந்தேகம் வந்துவிடும்.

சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். செல்வி இருந்தால் விட்டிருக்கமாட்டார். உள்ளதைச் சொன்னேன். அவர் கல்லின் மேல் கையை வைத்து, அந்த முக்கோணத்தை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லை மாற்ற ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. தப்பு எங்க கீதுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் யாராச்சும் இங்க நின்னுக்கினு இருப்பாங்க இல்ல" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். உள்ளே நிழல் கிடையாது. காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். விடையைத்தான் மேலே சொல்லிவிட்டேன். ஆனாலும் தெரியாதவர்போலக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.