யாரும் ஏறாத பக்கத்து இருக்கை

நெஞ்சில் ஈரமுள்ளோரே, சற்று நில்லுங்கள். ஓர் இளம்பெண்ணின் சாவைத் துடைத்தெடுத்து, அதன்மேல் வண்ணம் பூசி, கண்ணாடிக் கூடத்து வாசலில் விற்பனைக்கு நிறுத்தியிருந்தார்கள். அந்த அநியாயத்துக்குச் சாட்சியாக உங்களை அழைக்கிறேன். பேய் என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நடந்தது நடந்ததுதான். அனுபவித்தவர் வாயிலிருந்து கேட்டபடியே எழுதுகிறேன்.

அவர் தொலைபேசி ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. ஊராரை ஊராரோடு இணைத்தே காலம் போயிற்று. தமக்கென்று ஓர் இணைப்பும் வாய்க்கவில்லை. வீட்டில் பேச்சுத்துணைக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். அதனால் ஒரு பழக்கம் வந்தது. வெளியூரில் வாழும் தங்கைக்கு மட்டுமே தெரிந்த பழக்கம். கார் ஷோரூம்களுக்குப் போவார். சின்னக் கார் ஒன்றைக் காட்டச் சொல்வார். நாற்காலி போடுவார்கள், காப்பி தருவார்கள், வாய்க்கு வாய் ‘மேடம்’ என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டிப் பார்க்கும்போது யாரேனும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வருவார். அந்தக் கால்மணி நேரத் துணைக்காகவே அவர் போனார்.

“ஏன்க்கா, கார் வாங்கப் போறியா, காப்பி குடிக்கப் போறியா?” என்று தொலைபேசியில் சீண்டினாள் தங்கை.

“காப்பி நல்லா இருந்தா காரும் வாங்கிடுவேன்டி.”

அன்று புறவழிச்சாலையோரத்து ஷோரூமுக்குப் போனார். பட்டப்பகல். வெள்ளை நிறச் சின்னக் கார் ஒன்று வாசலில் நின்றது.

“டெமோ வண்டி மேடம். ஆனா புதுசுதான். ஒரு கீறல் கிடையாது. விலையிலயும் நல்லா கொறைச்சிருக்கோம்” என்றார் விற்பனையாளர்.

உடம்பெல்லாம் பளபளத்தது வண்டி. பக்கத்து இருக்கையின் கதவில் மட்டும் புழுதி படிந்திருந்தது. வண்டி கழுவுபவர் அந்தப் பக்கம் போகாமலேயே துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

சாவி கைக்கு வந்தது. விற்பனையாளர் நகரவில்லை.

“நீங்க வரலையா தம்பி?”

“நீங்களே ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க மேடம். உங்க மேல அவ்வளவு நம்பிக்கை.”

வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. துணையில்லாத ஏமாற்றத்தோடு அவர் வண்டியைக் கிளப்பினார்.

சாலை வெறிச்சோடிக் கிடந்தது. முதல் வளைவைத் தாண்டியதும் ஒலித்தது.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே யாரும் இல்லை. கைப்பையோ பின்னிருக்கையில் கிடந்தது. ஓரமாக நிறுத்தி ஷோரூமுக்குப் போன் செய்தார்.

“தம்பி, காலி சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லுதே?”

விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார்.

“சும்மா மாட்டி விட்ருங்க மேடம். நின்னுடும்.”

விற்பனையாளருக்கு இது முன்பே தெரிந்திருந்தது!

பெல்ட்டை இழுத்து மாட்டினார். ஒலி நின்றது. காரை எடுத்தார்.

அமைதி. அந்த அமைதிக்குள்... மூச்சு.

எதிர்முனையில் ஆள் இருப்பதை மூச்சிலேயே அறிந்து பழகிய காது அது. தவறாது.

“யாரு லைன்ல?” பழைய வழக்கம் அவரை மீறிப் பேசிவிட்டது.

ஓரக்கண்ணால் பார்த்தார்.

இருக்கையோடு ஒட்டிக் கிடந்த பெல்ட் இப்போது மேலெழுந்து நின்றது. ஓர் உடம்பைச் சுற்றியதுபோல்...

ஏறியது. இறங்கியது.

கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

“மெதுவா... மேடம்...”

பெண் குரல். காதோரம்.

வேகத்தைக் குறைத்தார். ஊர்ந்தே ஷோரூமுக்குத் திரும்பி வந்து நிறுத்தினார். பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். விடவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

ஏனென்று தெரியாமல் அவர் சொன்னார்:

“வந்துட்டோம்மா. இறங்கலாம்.”

சட்டென்று விட்டது.

நேரே வண்டி கழுவுபவரிடம் போய், “அந்த சீட்ல யாரு?” என்று கேட்டார். அவர் நிமிராமலே பேசினார்.

“ஓட்டிப் பார்க்க வர்றவங்ககூடப் போற பொண்ணும்மா. முதல் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கும்? பெல்ட் போட்டுக் கழட்ட நேரமாகுதுன்னு, மணி அடிக்காம இருக்க அதை சீட்டுக்குப் பின்னாடி சுத்தி நிரந்தரமா மாட்டி வைக்கச் சொல்லிட்டாரு மேனேஜர். ஓட்டிப் பார்க்க வந்த ஒருத்தன் வேகத்தைக் காட்டினான். தடுப்புல மோதினான். அவனுக்குச் சிராய்ப்பு. இது கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு வெளிய விழுந்துச்சு.”

“அப்புறம்?”

“புதுக் கண்ணாடி. புது பெயின்ட். அதுக்கப்புறம் காலி சீட்டுக்கே மணி அடிக்க ஆரம்பிச்சுது. மேனேஜர் ஒயரை வெட்டச் சொன்னாரு. என் கண் முன்னாலதான் வெட்டினாங்க.” இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். “மணிக்கு ஒயரே கெடையாதும்மா அந்த வண்டியில.”

மறுநாள் விடிந்ததும் அவர் மீண்டும் போனார். செத்தவளின் பெயரையாவது கேட்டுவர வேண்டும் என்று போனார். யாரும் சொல்லவில்லை. வண்டியையும் காணவில்லை.

“நேத்தே போயிடுச்சு மேடம். புருஷன் பெண்டாட்டி, ஒரு குழந்தை. சின்னக் குடும்பம்” என்றார் விற்பனையாளர்.

எங்கே போயிற்று என்று கேட்டபோது விற்பனையாளர் அடுத்த வாடிக்கையாளரை வரவேற்கப் போய்விட்டார். அன்றிரவு தங்கையிடம் அவர் அழுதது பயத்தால் அன்று. “அவ பெல்ட்ட நான் கழட்டியிருக்கக் கூடாதுடி. திரும்பவும் பெல்ட் இல்லாம போறாளே” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

தோழர்களே! அந்தக் கார் இன்றும் ஏதோ ஒரு சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நம்மால் தேடிப் பிடிக்க இயலாது. ஆனால் நாளை நீங்களும் ஒரு காரை ஓட்டிப் பார்க்கப் போவீர்கள். வயிற்றுப் பிழைப்புக்காக ஒரு பெண் உங்கள் பக்கத்தில் ஏறி அமர்வாள். “பரவாயில்ல சார், கிளம்புங்க” என்பாள்.

கிளம்பாதீர்கள். அவள் பெல்ட்டை மாட்டும்வரை சக்கரம் ஒரு சுற்றுகூட உருளக் கூடாது.